இரத்மலானையில் ஓர் இருக்கை

ஒரு காலத்தில் வெளிநாட்டு விமானங்களெல்லாம் வந்திறங்கிய இரத்மலானையில், யாழ்ப்பாணம் போகும் சிறிய விமானத்துக்காகக் காத்திருக்கிறோம். எங்களையும் பெட்டிகளோடு எடை பார்த்துவிட்டார்கள். வெளியே மழை விடுவதாயில்லை.

அலுவலர் ஒருவர் வருகிறார். மழையால் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்க முடியாவிட்டால் திரும்பி வரக் கூடுதல் எரிபொருள் வேண்டுமாம். பாரம் குறைய ஒருவர் நின்றுவிட வேண்டும். நான் நிற்பதாகச் சொல்கிறேன். என் பாரம் போதாதாம். மற்றவர்கள் தலை நிமிரவில்லை.

பக்கத்தில் வெள்ளவத்தை வசந்தி அக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்திருக்கிறார். அவருடைய அப்பா யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சையில் இருக்கிறார். சற்றுமுன்தான் என்னிடம் சொன்னார். எதிரிலிருந்த கொட்டாஞ்சேனை வியாபாரிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். நல்ல பருத்த உடம்புக்காரர். அவர்தான் எழும்புகிறார்.

"நான் நிக்கிறன். நைட் பஸ்ஸில போறன்."

பிறகு அக்காவிடம் ஒரு பொதியை நீட்டுகிறார். "பிள்ளை, நாளைக்குத் தங்கச்சியின்ர மகனுக்குக் கலியாணம். இது பொம்பிளைக்குக் கட்டுற கூறைச்சேலை. பஸ் வெள்ளத்தில நிண்டாலும் இது போய்ச் சேரவேணும். பலாலியில என்ர தம்பி வந்து நிப்பான்."

அக்கா கையைப் பின்னுக்கு இழுத்து என்னைக் காட்டுகிறார். "அண்ணை, இவரிட்டைக் குடுங்கோ. அப்பாவுக்கு ஏதும் நடந்திருந்தா நான் துடக்கெல்லே, கூறையைத் தொடலாமோ."

"அப்பா இருக்கிறார் எண்டுதானே நான் இடம் விடுறன். பிடியுங்கோ."

அக்கா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்கிறார்.