டோக்கியோ நேரம் இரண்டு மணி

இது யாரோ சொல்லிக் கேட்டதல்ல. எனக்கு நடந்தது. 1943 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். நான் கல்லூரி வரை படித்தவன். பேய் என்றால் சிரித்தவன். அன்றைய டிக்கெட் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

மலாயாவில் மெர்போக் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், நான் கணக்கெழுதும் கிராணி. ஜப்பான்காரன் வந்த பிறகு பால் வாங்க ஆளில்லை. பால் வெட்டு நின்று ஒன்றரை வருடம். மரத்துக் கோப்பைகளில் மழைத் தண்ணீர்தான் நின்றது. ஆட்களில் பாதிப் பேர் சயாம் ரயில் போடப் போய்விட்டார்கள்.

என் மனைவி பிரேமாவதி முந்தைய ஆண்டு மார்ச்சில் காய்ச்சலில் இறந்தாள். கொயினா மாத்திரை கிடைக்கவில்லை. எங்களிடம் இருந்த ஒரே கலியாணப் படத்தைக் கொள்ளையடிக்க வந்தவர்கள் சட்டத்தோடு எடுத்துப் போனார்கள். நாளாக ஆக அவள் முகம் எனக்கு மங்கிக்கொண்டு வந்தது. மூக்குத்தி நினைவிருந்தது. காதோர மச்சம் நினைவிருந்தது. முழு முகம் வரவில்லை.

அப்போதுதான் அந்த நோட்டீசைப் பார்த்தேன். சுங்கை பட்டாணிக் கொட்டகையில் நடிகர் பக்கிரிசாமிக்கு மூன்று நாள் பட விழா. இருபது வருடம் நடித்துவிட்டு டைரக்டர் ஆனவர். சண்டையால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கிவிட்டார். புதுப் படம் வரக் கப்பல் இல்லை; இருக்கும் பழைய படங்களையே ஓட்டி அவருக்கு மாலை போடுகிறார்கள். மூன்றாம் நாள், டோக்கியோ நேரம் இரண்டு மணிக்கு, அவரே எடுத்த படம்.

அதில் ஒரு காட்சியைச் சண்டைக்கு முன்பு எங்கள் தோட்டத்தில்தான் எடுத்தார். ஏழு பெண்கள் பால் வாளியோடு வரிசையாக நடந்து வருவார்கள். ஓர் ஆள் குறைந்தது. வேடிக்கை பார்த்து நின்ற பிரேமாவைக் கூப்பிட்டு ஐந்தாவதாக நிறுத்தினார்.

"கிராணி சம்சாரம் வாளி தூக்குதுடி. நாளைக்குப் பெரட்டுல பேரு கூப்பிடுவாங்க" என்று பெண்கள் சிரித்தார்கள்.

"கேமராவப் பாக்காத தாயி" என்று பக்கிரிசாமி நாலு தடவை கத்தினார். நாலு தடவையும் பார்த்தாள். நிஜப் பால் தளும்பி அவள் கையெல்லாம் வழிந்தது.

அந்தப் படத்தை நாங்கள் பார்க்கவேயில்லை. இப்போது எனக்கு அந்தச் சில விநாடிகள் போதும். முகத்தை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். டிக்கெட்டை முன்பே வாங்கி வைத்திருந்தேன்.

எங்கள் சுவர்க் கடிகாரம் அவள் பொறுப்பு. விடிகாலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அதைப் பார்த்துத்தான் எழுப்புவாள். "நேரமாச்சுங்க." அவ்வளவுதான் சொல்வாள். எல்லாக் கடிகாரத்தையும் ஒன்றரை மணி முன்னே தள்ளி டோக்கியோ நேரத்துக்கு வைக்க உத்தரவு வந்தபோது அவள் படுக்கையில் இருந்தாள். பிறகு நான் சாவி மட்டும் கொடுப்பேன். அவள் வைத்த முள்ளைத் தொடமாட்டேன். மனதுக்குள் ஒன்றரை மணி கூட்டிக்கொள்வேன்.

அன்று கூட்ட மறந்துவிட்டேன்.

டயருக்குள் கயிறு திணித்த சைக்கிளில் பத்து மைல். கொட்டகைக்கு வந்தபோது என் கணக்கில் சரியாக இரண்டு மணி. எதிரே போலீஸ் ஸ்டேஷன் கடிகாரம் 3.30 காட்டியது. அப்போதுதான் உறைத்தது.

வாசலில் யாருமில்லை. உள்ளே மிஷின் ஓடும் சத்தம்... கடகடகடவென்று.

ஓடினேன்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்கள் பக்கம் ஒரு தலைகூட இல்லை. சுருட்டு வாடை இல்லை. குழந்தை அழுகை இல்லை. மேலே மின்விசிறிகள் அசையாமல் நின்றன. திரையில் வாய்கள் அசைந்தன. குரல் வரவில்லை.

உட்கார்ந்தேன்.

கித்தா மரங்கள் வந்தன. எங்கள் தோட்டம். வரிசை வந்தது.

முதல் பெண். இரண்டு. மூன்று. நான்கு...

பிறகு ஓர் ஆள் நிற்கும் அளவு வெற்றிடம்.

அதற்குப் பின்னால் ஆறாவது பெண், முன்னால் யாருக்கோ வழிவிடுவது போல மெதுவாக நடந்தாள்.

பிரேமா இல்லை.

அப்போது பால் வாடை வந்தது. புளித்த வாடை அல்ல. காலையில் வெட்டிய பாலின் வாடை.

தடுப்புக்கு அந்தப் பக்கம், பெண்கள் பெஞ்சில், ஓர் உருவம். திரையைப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்தது.

முகத்தில் வெளிச்சம் விழவில்லை.

எழுந்தேன். தடுப்பைச் சுற்றிப் போனேன். நான்கு அடி. மூன்று...

மிஷின் நின்றது. இருட்டு.

"பிரேமா?"

என் புறங்கையில் ஏதோ சொட்டியது. குளிர்ந்தது.

காதருகில்...

"நேரமாச்சுங்க."

கை நீட்டித் துழாவினேன். பெஞ்சுப் பலகை.

பெண்கள் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தேன். கொட்டகைப் பின்புறம் மரத்தடியில் கூட்டம். நடுவில் கழுத்து நிறைய மாலையோடு பக்கிரிசாமி. படியில் ஆப்பரேட்டர் சிரில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மிஷின நிறுத்தினது யாரு?" என்றேன்.

"எந்த மிஷினு? மூணு பத்துக்கே கரண்டு போச்சு லா அண்ணே. பாதிப் படத்தோட எல்லாரும் இங்க வந்துட்டோம். உள்ள யாருமில்ல."

பக்கிரிசாமி என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

"வாங்க கிராணியாரே. உங்க வீட்டம்மா சீன் ஓடினப்ப சனம் கைதட்டுச்சு. என் சொல்லு கேக்காம கேமராவப் பாத்துச்சே... படத்துலயே அதான் நல்லா இருக்கு. நீங்க பாத்தீங்கல்ல?"

எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மூன்று மணிக்கு முன்பு. நான் மட்டும் இல்லை.

சிரிலைக் கெஞ்சி அந்தச் சுருளைக் கொண்டுவரச் சொன்னேன். அவன் வெயிலில் பிலிமைப் பிடித்து விரலால் நகர்த்தினான். நாலாவது பெண். வெற்றிடம். ஆறாவது பெண். அடுத்த கட்டத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"இருந்துச்சே அண்ணே... நான் பாத்தேனே" என்றான்.

போலீஸ் ஸ்டேஷன் கடிகாரத்தில் 5.00 மணிக்குக் கிளம்பினேன். வீடு சேர ஒரு மணி பத்து நிமிடம். பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி என் மடியில்.

எங்கள் கடிகாரம் 4.40 காட்டியிருக்க வேண்டும்.

6.10 காட்டியது.

கிட்டே போய்ப் பார்த்தேன். பெரிய முள்ளின் நுனியில் வெள்ளையாக ஒரு விரல் தடம். தொட்டேன். பிசுபிசுத்தது.

கித்தாப் பால். இன்னும் உறையவில்லை.