பிராக் நகரம் பார்க்கப் போன வைத்தி சார்

வெள்ளிக்கிழமை காலை என்றால் குவைத் அப்பாசியாவில் எங்கள் வீட்டில் பூரிதான். என் மனைவி ஜெயந்தி மாவைத் தேய்த்துக் கொடுக்க, நான் எண்ணெயில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. டொராண்டோவிலிருந்து மைதிலி அக்கா, வைத்தி சாரின் மனைவி. வருடக்கணக்கில் கேட்காத குரல்.

"பாண்டி தம்பி, அவர் போயிட்டார்ப்பா. செவ்வாய்க்கிழமை. ஹார்ட்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..."

வைத்தி சார் காலமாகிவிட்டார். அடுப்பில் பூரி கருகுகிறது என்று ஜெயந்தி கத்துகிறாள். எனக்கு அழுகை வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், "இப்பவும் சொல்லாமல் கொள்ளாமல்தானா, சார்?" என்று கேட்கத்தான் வாய் வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை.

பதிமூன்றாம் நாள் அங்குள்ள தமிழர்கள் கூடி ஒரு நினைவுக் கூட்டம் வைக்கிறார்களாம். "இங்க இருக்கிறவங்களுக்கு இந்த ஊர் வைத்தியைத்தான் தெரியும். குவைத்துல அவர் எப்படி இருந்தார்னு நீங்கதான் எழுதித் தரணும் தம்பி" என்றார் அக்கா. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். துக்க வீட்டுக்காரர் கேட்கும்போது முடியாது என்று சொல்லுகிற வாய் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வைத்தியநாதன் சார் கும்பகோணத்துக்காரர். குவைத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் குவான்டிட்டி சர்வேயர். ஒரு கட்டடத்துக்கு எத்தனை டன் கம்பி, எத்தனை மூட்டை சிமெண்ட் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை. நான் அருப்புக்கோட்டையிலிருந்து வந்த புதிதில் அவருக்கு அடுத்த மேஜையில் என்னை உட்கார வைத்தார்கள். முதல் நாளே என் பேச்சைக் கிண்டல் செய்தார். "என்னய்யா, உங்க ஊர்ல வார்த்தைக்கெல்லாம் வரி போடறாளா? பாதிப் பாதியா முழுங்கறியே!" ஆபீசே திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் யாருக்கும் கோபம் வராது. மளிகைக் கடையில் முருங்கைக்காயைத் தூக்கிப் பிடித்து, "இது முருங்கைக்காயா, பென்சிலா? சீவி எழுதலாம் போலிருக்கே" என்று கடைக்காரரிடமே கேட்பார். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே இரண்டு கூடப் போடுவார்.

அந்த வருடக் கோடையில் எனக்கு அம்மை கண்டது. ரூமில் இருந்த ஐந்து பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ரூம்களுக்கு ஓடிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒட்டிக்கொண்டால் டூட்டி போய்விடும். வைத்தி சார் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "கிளம்புடா என் ஆத்துக்கு" என்றார். மைதிலி அக்கா தங்கள் படுக்கையறையையே எனக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்துக்கொண்டார். மோர் சாதமும் இளநீருமாகக் கொடுத்துத் தேற்றினார். வேப்பிலைக்கு எங்கே போவது? சார் எங்கோ ஒரு பூங்காவில் மரத்தைக் கண்டுபிடித்து, கிளையோடு ஒடித்து வந்தார். "போலீஸ் பிடிச்சா என்ன சார் சொல்லுவீங்க?" என்றேன். "மாரியாத்தா கேட்டான்னு சொல்லுவேன். அவ கிட்ட போய் விசாரிக்கட்டும்" என்றார்.

பெற்றவர்கள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். சாருக்கும் அக்காவுக்கும் பிள்ளைகள் இல்லை. அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் எனக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு.

பம்பு சப்ளை செய்த ஒரு கம்பெனி கொடுத்த காலண்டரில் பிராக் நகரத்தின் படம் இருந்தது. இருபுறமும் சிலைகள் வரிசையாக நிற்கும் பழைய கல் பாலம், பின்னால் குன்றின் மேல் கோட்டை. வருடம் முடிந்ததும் சார் அந்தப் படத்தை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டார். "பாரிஸெல்லாம் பணக்காரன் ஊர். எங்க இருபதாவது கல்யாண நாளுக்கு மைதிலியை இங்கதான் அழைச்சுண்டு போகப்போறேன்" என்று டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோரிடமும் சொல்லியிருந்தார். கடைசியில் டிக்கெட்டும் எடுத்தார். பத்து நாள். அக்கா புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, சின்ன ரைஸ் குக்கர் என்று மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

கம்பெனி எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பூட்டி வைத்திருந்தது. ப்ராஜெக்ட் நடக்கும்போது ஒருவர் லீவில் போக வேண்டுமானால் இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். போனவர் திரும்பி வந்தால்தான் ஜாமீன் போட்டவருக்குப் பாஸ்போர்ட். வராவிட்டால், ப்ராஜெக்ட் முடிகிறவரை அவர் நாட்டை விட்டு நகர முடியாது.

எனக்கு அப்போது ராஜபாளையத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெயர் தனம். வாராவாரம் போன் கார்டு தீரும்வரை பேசுவோம். "அங்க மழையே பெய்யாதாமே, நெசமாவா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஆச்சரியப்படுவாள். பத்திரிகை அடித்தாகிவிட்டது. வைத்தி சாருக்குத்தான் முதல் பத்திரிகை கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பத்தே நாள்டா. உன் கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியே வந்துடுவேன். மாப்பிள்ளைத் தோழனா நானே உன்கூடக் கிளம்பி வரேன். சாத்தூர் சேவு மட்டும் வாங்கித் தந்துடு" என்றார்.

லீவு, பாஸ்போர்ட் விவகாரம் பார்க்கிற பர்சனல் ஆபீசில் இருந்த எகிப்துக்காரர் பேனாவைக் கொடுத்துவிட்டு, "நிச்சயமா?" என்று கேட்டார். "அவர் என் அண்ணன் மாதிரி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

போன மூன்றாம் நாள் ஈமெயிலில் படங்கள் வந்தன. பாலத்தின் மேல் அக்கா, மயில் கழுத்து நிறப் புடவையும் மேலே ஸ்வெட்டருமாக. கோட்டை வாசலில் சார், கையைக் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி. சதுக்கத்தில் ஒரு பழங்காலக் கடிகாரம், அதற்குக் கீழே அண்ணாந்து பார்க்கும் கூட்டம். "மணி அடிச்சா பொம்மைகள் வந்து போறது. மைதிலி, இதுக்கா இவ்ளோ கூட்டம்னு கேக்கறாடா" என்று எழுதியிருந்தார். நான் அந்தப் படங்களை ஆபீஸ் முழுக்கக் காட்டினேன்.

பத்தாம் நாள் வரவில்லை. அக்காவுக்குக் கால் வீக்கம், இரண்டு நாளில் கிளம்புகிறோம் என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவர்கள் கனடாவில் குடியேறப் போய்விட்டார்கள் என்று, மாதக் கடைசியில் ஒரு ட்ராவல் ஏஜென்ட் மூலமாகத்தான் கம்பெனிக்குத் தெரிந்தது. நான் பர்சனல் ஆபீசுக்கு ஓடினேன். எகிப்துக்காரர் நல்ல மனிதர்தான். பத்திரிகையைக் காட்டியபோது அவர் கண்ணும் கலங்கியது. ஆனால் சட்டம் சட்டம். "சதீக் மாஃபி, பாஸ்போர்ட் மாஃபி. கலாஸ்" என்று கையை விரித்துவிட்டார். உன் நண்பன் இல்லை, உன் பாஸ்போர்ட்டும் இல்லை, முடிந்தது.

என் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. உலகத்தில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு வாக்கியம் எழுதும் பாக்கியம் கிடைக்கும்? தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி அப்பா கெஞ்சினார். குறித்த முகூர்த்தம் தவறினால் பெண்ணுக்கு ஆகாது என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். அதே பந்தலில், அதே முகூர்த்தத்தில் தனத்துக்கு அவள் அத்தை மகன் தாலி கட்டினார்.

அன்று மாலை அப்பா பேசினார். "போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்டா. பந்தியில உக்காரச் சொன்னாக. சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். சாப்பிடாம எந்திரிச்சா அவுகளுக்கு மரியாதக் கொறச்சல்ல?" என்றார். மருமகளாக வரவேண்டிய பெண்ணின் கல்யாணச் சோற்றை என் அப்பா தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டு வந்திருக்கிறார்.

அடுத்த தைப்பொங்கலுக்கு வைத்தி சாரிடமிருந்து கம்ப்யூட்டரில் ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அமுக்கினால் பானை பொங்கும், மாடு தலையாட்டும். ஒரு வார்த்தை, 'ஸாரிடா பாண்டி' என்று ஒரே ஒரு வார்த்தை இருக்குமா என்று மூன்று தடவை அமுக்கிப் பார்த்தேன். மாடுதான் தலையாட்டியது.

பிற்பாடு எனக்கு ஜெயந்தி அமைந்தாள். "அந்த மனுசன் ஓடலைன்னா நீங்க எனக்குக் கெடச்சிருப்பீகளா? உங்களை என் தலையில கட்டுனதே அவருதான். அந்தக் கோவம் எனக்குத்தான் இருக்கணும்" என்பாள். சிரிப்பேன். வாழ்க்கை நன்றாக அமைந்தது வேறு, அவர் செய்தது வேறு. சார் மறந்துவிட்டார், நாள் நெருக்கடியில் என் கல்யாணம் அவர் புத்திக்கு எட்டவில்லை என்று சொல்லித்தான் இத்தனை காலமும் மனதைத் தேற்றி வைத்திருந்தேன்.

அஞ்சலியை எழுதி முடித்து, போனில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். முருங்கைக்காய், வேப்பிலை, சிரிப்பு எல்லாம் இருந்தன. "சில காரணங்களால் அவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்" என்று வந்தபோது அக்கா நிறுத்தினார்.

"சில காரணங்களாலா?"

நான் தாளைக் கீழே வைத்தேன்.

"தம்பி, நானும் சேர்ந்துதான் உங்களை ஏமாத்தினேன்னு நினைச்சேளா?"

"ஆமாங்க்கா" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"எனக்குத் தெரியாதுப்பா. கனடாவுக்கு எழுதிப் போட்டது தெரியும், மெடிக்கலுக்குப் போனேன். கிடைக்கலை, விட்டுடுன்னு சொல்லிட்டார். என் பாஸ்போர்ட் அவர்கிட்டதானே இருக்கும்? விசா வந்தது எனக்கெப்படித் தெரியும்? நான் நிஜமாவே ஊர் பார்க்கத்தான் போனேன்."

அக்காவின் அம்மா படம், குவைத்தில் அவர்கள் பூட்டிவிட்டுப் போன வீட்டுச் சுவரில் மாலையோடு அப்படியே இருந்தது. கம்பெனி ஆட்கள் வீட்டைக் காலி செய்தபோது நானே பார்த்தேன். அம்மா படத்தை விட்டுவிட்டு எந்தப் பெண் தெரிந்தே ஓடுவாள்? கோபத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

அக்கா சொல்லிக்கொண்டே போனார். "கல்லு கல்லா பாவின தெரு. செருப்பு வழுக்கறதுன்னு கையைப் பிடிச்சுண்டார். இருபது வருஷத்துல தெருவுல என் கையைப் பிடிச்சது அங்கதான். அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். நாலாம் நாள் அந்தப் பாலத்து மேல, படகு போறதைக் காட்டிண்டே, 'நாளைக்கு டொராண்டோ போறோம், இனிமே குவைத் கிடையாது'ன்னார். எனக்குத் தலை சுத்தித்து. நான் டீச்சரா இருந்த பள்ளிக்கூடத்துல என் கிளாஸ் குழந்தைகள், வீடு, அம்மா படம் எல்லாம் அப்புறம்தான் ஞாபகம் வந்தது. முதல்ல கேட்டது உங்களைத்தான். 'ஐயோ, பாண்டி கல்யாணம்?'னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'அதையும் யோசிச்சுட்டேன். அவன் சின்ன வயசு, அவனுக்கு இன்னொரு பொண்ணு கிடைப்பா. எனக்கு இன்னொரு கனடா கிடைக்காது'ன்னார். அப்புறம் என்னைச் சிலைக்குப் பக்கத்துல நிக்க வெச்சுப் படம் எடுத்தார், தம்பி. சிரின்னார். சிரிச்சேன்."

ஆக, அவர் மறக்கவில்லை. டன் கம்பியையும் சிமெண்ட் மூட்டையையும் போல என்னையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்.

"இங்க எல்லாரும் அவர் தெய்வம்னு எழுதிக் குடுத்துட்டா. நான் திட்டினா, புருஷன் போன துக்கத்துல உளர்றான்னுடுவா. நீங்க எழுதுங்கோ. நானே மைக் முன்னாடி நின்னு வாசிக்கறேன்" என்றார் அக்கா. அதனால் பழையதைக் கிழித்துவிட்டு இதை எழுதியிருக்கிறேன்.

வைத்தி சார், உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடிக்காதவர் செய்திருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் சபைக்கு நன்றாக இருக்கும், மன்னிக்கவில்லை. நீங்கள் போய் வாருங்கள்.

அக்கா, அவ்வளவுதான். தாளை மடித்துக்கொண்டு வந்து உட்காருங்கள். யாராவது ஏதாவது கேட்டால், எல்லாம் அந்தப் பாண்டி எழுதியது என்று சொல்லிவிடுங்கள்.