தலையாட்டி டீச்சர்

நாராயணப்பன் வீட்டில் யாரும் வாயைத் திறந்து 'ஆமாம்' என்று சொல்லி ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் மாந்தோப்பும் கொஞ்சம் கேழ்வரகுக் கொல்லையும் வைத்திருக்கிற குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், எல்லையைத் தாண்டினால் கன்னடம் என்று மூன்று பாஷை புழங்கும். ஆனாலும் சம்மதம் என்றால் தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக ஓர் ஆட்டு ஆட்டுவார்கள், அதோடு சரி. மாங்காய் வியாபாரிக்கும் அதே ஆட்டம்தான், பெண் கேட்டு வந்தவர்களுக்கும் அதே ஆட்டம்தான்.

மூத்தவள் அருணாவுக்கு அந்தத் தலை அப்படியே வாய்த்திருந்தது. அவள் தம்பி மாதேஷுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் அந்த வீட்டுக்கு நாலாவதாகவும் ஒரு பாஷை சேர்ந்தது, கை பாஷை. அக்காவும் தம்பியும் தாங்களே உண்டாக்கிக்கொண்டது. மாங்காய்க்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று, அப்பா கோபமாக இருக்கிறார் என்பதற்கு மட்டும் நாலைந்து.

"காது கேக்காத புள்ளைக்கு இஸ்கூலு என்னாத்துக்கு? தோப்பப் பாத்துக்கினு கெடக்கட்டும்" என்று நாராயணப்பன் சொல்லிச் சொல்லியே மாதேஷுக்குப் படிக்கிற வயது பாதி வீணாகப் போனது. நல்ல மனிதர்தான், ஆனால் பிடிவாதம்! அருணா அழுது, அடம்பிடித்து, சோறு வேண்டாம் என்று குப்புறப் படுத்துக்கொண்ட பிறகுதான் பையன் ஓசூரில் சிறப்புப் பள்ளி வாசலை மிதித்தான். இன்றைக்கு மூக்கண்டப்பள்ளியில் வண்டிப் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை, சொந்தமாக பைக், கம்பெனி முழுக்க சிநேகிதர்கள். அந்தப் பள்ளிக்குத் தம்பியைப் பார்க்கப் போய்ப் போய்த்தான் அருணாவுக்கும் வழி திறந்தது. காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற படிப்பையே படித்து, கிருஷ்ணகிரியில் டீச்சராகிவிட்டாள்.

அப்படியே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கென்யாவில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு ஒரு வருஷம் சம்பளமில்லாமல் வந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு தொண்டு அமைப்பு கேட்டது. அருணாவுக்கு ஆசை வந்துவிட்டது. ஆசைக்குக் காரணம் கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

அம்மா சரோஜம்மாள்தான் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். "ஏண்டி பாப்பா, காது கேக்காத புள்ளைங்க நம்ம ஜில்லாவுல இல்லையா? கப்பல் ஏறிப் போயித்தான் சொல்லிக்குடுக்கணுமா?"

"கப்பல் இல்லம்மா, பிளேனு."

"எல்லாம் ஒண்ணுதான். வீட்ட உட்டுப் போறதுதான?"

"ஒரு வருசம்தான்மா. போயிட்டு ஓடியாந்துருவேன்."

சரோஜம்மாள் புருஷனைப் பார்த்தாள். மாமரத்துக்கு மருந்து அடித்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்த நாராயணப்பன் மகளை ஒரு பார்வை பார்த்தார். தலை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் ஆடியது. பயணம் உறுதியாகிவிட்டது.

அங்கே போய் இறங்கியதும் அருணாவுக்கு ஊர் பிடித்துப்போனது. செம்மண், மாமரம், சோளக்கொல்லை. விடுதிச் சாப்பாட்டில் ஒரு களி. "நம்மூரு களியேதான். வெள்ளையா இருக்குது, அவ்ளோதான்" என்று அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னாள். பாஷைதான் இடித்தது. இங்கே கற்றுவைத்திருந்த கை பாஷை அங்கே செல்லாது. அங்கிருந்த காது கேளாத ஆசிரியர் ஒருவர் பொறுமையாக உட்கார்த்தி வைத்து, விரல் விரலாகப் பழக்கிவிட்டார். அருணாவும் கண் கொட்டாமல் சிலைபோல் உட்கார்ந்து கற்றாள். கை சீக்கிரமே திருந்திவிட்டது. தலையை ஒருவரும் கவனிக்கவில்லை. சம்மதிக்கிற இடத்திலும் பாராட்டுகிற இடத்திலும்தானே அது ஆடும்? மாணவியாக இருந்தபோது அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவுமில்லை, அவளுக்கு யாரையும் பாராட்டுகிற வேலையும் இல்லை.

வகுப்பில் நெகேசா என்று ஒரு சிறுமி. மெலிந்த உடம்பு, பெரிய கண்கள். அவளைச் சேர்த்துவிட்டுப் போன அப்பா, அருணாவிடம் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார். "இந்தப் பருவம் முடியும்போது வருவேன். அதற்குள் தன் பெயரையாவது எழுதத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவேன். ஆடு மேய்க்க ஆள் வேண்டும்."

அருணாவுக்குச் சுரீர் என்றது. மனிதர் வேறு, ஆனால் பேசியது நாராயணப்பனேதான்! விடக்கூடாது என்று அன்றைக்கே நெகேசாவைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள்.

பிள்ளை கெட்டிக்காரி. ஆட்டுப் படத்தைக் காட்டினால் சிலேட்டில் ஆடு என்று அந்த ஊர் பாஷையில் எழுதுவாள். எழுதிவிட்டு டீச்சர் முகத்தைப் பார்ப்பாள். அருணா பூரித்துப்போய்க் கையால் 'நல்லாயிருக்கு' என்று காட்டுவாள். கூடவே தலையும் ஆடும். உடனே நெகேசா எழுதியதை உள்ளங்கையால் அழித்துவிடுவாள். ஏன் அழிக்கிறாள்? அருணா மறுபடி எழுதச் சொல்வாள். எழுதுவாள். இன்னும் பிரியமாக, இன்னும் பலமாகத் தலையை ஆட்டுவாள் அருணா. இன்னும் அவசரமாக அழிப்பாள் குழந்தை. நாளாக ஆக, எழுதவே பயந்தாள். சிலேட்டை மடியில் கவிழ்த்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள்.

"எங்கிட்டதான்டா ஏதோ கோளாறு. புள்ள என்னப் பாத்தாலே பயப்படுது" என்று வீடியோவில் மாதேஷிடம் கையால் புலம்பினாள் அருணா. அவன் பாவம், 'சாப்பிட்டியா?' என்று திருப்பிக் கேட்டான்.

இன்னொரு வருத்தமும் உண்டு. காது கேளாதவர்கள் தங்களில் ஒருவராக நினைத்துவிட்டால், அந்த ஆளுக்கென்று ஒரு கை அடையாளத்தைப் பெயராக வைப்பார்கள். அருணாவுக்கு மாதேஷ் வைத்தது புருவத்துத் தழும்பைத் தொடுவது. இந்தப் பிள்ளைகளோ அவளுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. 'விருந்தாளி' என்றுதான் காட்டினார்கள்.

பருவம் முடிந்தது. நெகேசாவின் அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். அருணா குழந்தையைக் கரும்பலகைக்கு முன் நிறுத்தி, 'உன் பெயரை எழுது, கண்ணு' என்றாள். நெகேசா எழுதினாள். ஓர் எழுத்துப் பிசகவில்லை. திரும்பி டீச்சரைப் பார்த்தாள். அருணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் தலை ஆடியது, வேப்பனப்பள்ளி ஆட்டம்.

அப்பா கிட்டே வந்து வாசிப்பதற்குள் நெகேசா துடைப்பானை எடுத்துப் பெயரை முழுவதும் அழித்துவிட்டாள்.

"பார்த்தீர்களா? தப்பு என்று அவளுக்கே தெரிகிறது" என்றார் அப்பா. விடுதிக்குள் போய் மகளின் தகரப் பெட்டியைத் தூக்கி வந்து வகுப்பு வாசலில் நின்ற சைக்கிளில் கட்ட ஆரம்பித்தார்.

அருணாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. 'ஏன்டி அழிச்ச? ஏன்?' என்று கைகளை விரித்தாள். அதுவரை பயத்தை அடக்கிவைத்திருந்த குழந்தைக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது. 'நீதான் தப்புன்னு சொன்ன! எப்பவும் தப்புன்னுதான் சொல்ற! சிரிச்சிக்கிட்டே சொல்ற!' சொல்லிவிட்டு, உதட்டில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, கையால் 'நல்லாயிருக்கு' என்று காட்டியபடி, தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக ஆட்டிக் காண்பித்தாள்.

அச்சு அசல் அருணா. அந்த ஊரில் தலை பக்கவாட்டில் போனால் 'இல்லை'. 'நல்லாயிருக்கு' என்று கை சொல்ல, 'இல்லை' என்று தலை சொல்லியிருக்கிறது, இத்தனை நாளும்!

"அய்யோ என் தங்கமே" என்று அருணா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். 'எங்க ஊர்ல இதுக்கு ஆமான்னு அர்த்தம்' என்றாள் கையால். நெகேசா நம்பவில்லை. கிட்டே வந்தாள். சுண்ணாம்புக் கைகளால் டீச்சரின் தாடையை இரண்டு பக்கமும் பிடித்து, மேலும் கீழுமாக அசைத்தாள். 'ஆமான்னா இது.'

அருணா மேலும் கீழுமாகத் தலையசைத்தாள். கண்ணீர் பாட்டுக்கு வடிந்தது. நெகேசா பலகைக்கு ஓடிப்போய்ப் பெயரை மறுபடி எழுதினாள். திரும்பிப் பார்த்தாள். மேலும் கீழும். ஆடு என்று எழுதினாள், மேலும் கீழும். வீடு, மழை, களி. கடைசியில் தன் அப்பாவின் பெயர். அந்த மனிதர் கட்டிய கயிற்றைப் பிடித்தபடியே நின்று வாசித்தார். பிறகு கயிற்றை அவிழ்த்து, பெட்டியைக் கொண்டுபோய் விடுதிக்குள் வைத்தார்.

அன்று சாயங்காலமே அருணாவுக்குப் பெயர் வைத்தாயிற்று. கன்னத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையை நிறுத்தி, இப்படியும் அப்படியும் ஓர் ஆட்டு. தலையாட்டி டீச்சர். பெற்றவர்கள் வைத்த பெயருக்குக்கூட அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

வருஷம் முடிந்து பெங்களூரில் இறங்கி, அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வந்து சேர்ந்தவளை மாதேஷ் பைக்கில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். "என்னாடி பாப்பா, கோழி கொத்துற மாதிரி தலைய ஆட்டற?" என்று சரோஜம்மாள் பயந்துபோனாள். அந்த வாரமே கென்யாவிலிருந்து வீடியோ வந்தது. திரை நிறையப் பிள்ளைகள், நடுவில் நெகேசா, ஒரு வகுப்பு மேலே போயிருந்தாள். அருணா அடுப்படியில் இருந்ததால் போனை மாதேஷ்தான் எடுத்தான். அந்தப் பெயரைக் கன்னத்துப் பக்கம் காட்டி, முகத்தால் நலமா என்று கேட்டார்கள் பிள்ளைகள். அதற்கு எந்த ஊர் பாஷையும் தேவைப்படவில்லை. மாதேஷுக்குப் புரிந்துவிட்டது. நன்றாக இருக்கிறாள் என்று தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக ஆட்டினான்.

முன்பின் பார்த்திராத ஆளின் தலை பக்கவாட்டில் போனதும் அங்கே எல்லா முகமும் வாடிப்போனது. நெகேசா மட்டும் சிரித்தாள். மற்றவர்கள் பக்கம் திரும்பி, ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, மேலும் கீழுமாகத் தலையசைத்து, 'நல்லா இருக்காங்களாம்' என்று காட்டினாள்.