அந்த மெஷின் யாருக்கு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் சைக்கிள் மணி. எட்டிப் பார்த்தால் திருநள்ளாறு நாகராஜன். அங்கே ஒரு லாட்ஜில் மேனேஜர். சனிக்கிழமைக் கூட்டத்தைச் சமாளித்த அலுப்பு மறுநாளும் அவர் முகத்தில் இருக்கும். அன்றைக்கு அதற்கு மேலும் ஏதோ இருந்தது.

"சார், உங்க ரேடியோ கூட்டத்துல ஒரு சந்தேகம் கேக்கணுங்க."

பழைய வாசகர்களுக்கு என் ரேடியோ கூட்டத்தைத் தெரியும். புதியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருப்பவன். காரைக்காலில் என் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே ஏரியல் கம்பி, கீழே அறையில் நானே கட்டிய செட். தினமும் காலையில் மதுரை, திருச்சி, தூத்துக்குடி, பெங்களூர் என்று பல ஊர்க்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடுவோம். 'நெட்' என்று பெயர். பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஒருவர் சந்தேகம் கேட்பார், தெரிந்தவர் பதில் சொல்வார். டிரங்க் கால் புக் செய்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நமக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

"என்ன சந்தேகம், சொல்லுங்க."

"ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையருங்க. சத்தம் வரல."

"எங்கே, கொண்டு வந்திருக்கீங்களா?"

"இல்லைங்க... வீட்டுல இருக்கு."

"என்ன மாடல்? எவ்வளவு பெரிசு?"

"சின்னதுதாங்க. நீங்க சும்மா கேட்டுப் பாருங்களேன்."

சரி என்று செட்டைப் போட்டேன். அவர் சொன்னதை அப்படியே நெட்டில் ஒப்பித்தேன் — சின்ன ஆம்ப்ளிஃபையர், சத்தம் வரவில்லை, என்ன செய்யலாம்? ஓவர்.

பதிலுக்கா பஞ்சம்? மதுரைக்காரர், "டிரான்ஸ்ஃபார்மர் சூடாகுதான்னு தொட்டுப் பாருங்க" என்றார். தூத்துக்குடி, "ஃபியூஸ் போயிருக்கும்" என்றது. பெங்களூர்க்காரர் ஸ்பீக்கரையே மாற்றச் சொன்னார். எல்லாருமே கெட்டிக்காரர்கள். எல்லாருமே கல்யாண வீட்டு மைக் செட்டை மனதில் வைத்துக்கொண்டு பேசினார்கள்.

நாகராஜன் முகம் ஒவ்வொரு பதிலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிக்கொண்டே போனது.

கடைசியாகத் திருச்சியிலிருந்து ராஜேஸ்வரி அம்மாள் நெட்டில் வந்தார். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுப்பவர். அதட்டாமல் பேசுவார். "காரைக்கால், ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அந்த மெஷின் யாருக்கு? அதை வெச்சு அவங்க என்ன கேக்கணும்?"

நான் திரும்பி நாகராஜனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அடுக்களையில் குக்கர் கத்தியது.

"மகளுக்குங்க" என்றார் ஒருவழியாக. "காதுல மாட்டுற மெஷின்."

காது கேட்கும் கருவி! இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் மகளுக்குக் காது மந்தம் என்று எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியக்கூடாது என்றுதான் அவரும் இருந்திருக்கிறார்.

"வெளியில தெரிஞ்சா நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க சார். வியாழக்கிழமை வேற அதுக்கு டைப்பிஸ்ட் வேலைக்கு இண்டர்வியூ. மெஷின் இல்லாம என்ன கேக்குறாங்கன்னே அதுக்குப் புரியாதே..."

கூடத்திலிருந்து என் மனைவி காபி டம்ளரோடு வந்து, அதை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவர் சம்மதத்தோடு விஷயத்தை நெட்டில் சொன்னேன். ராஜேஸ்வரி அம்மாள் உடனே சொன்னார்: "நாளைக்கு இதே நேரம் பொண்ணைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. மெஷினைப் பத்தி அவளுக்குத் தெரியறது அப்பாவுக்குத் தெரியாது."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அப்பாவும் மகளும் வந்தார்கள். பெயர் சுகந்தி. பி.காம். முடித்தவள். தாவணிக்குள்ளிருந்து தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டப்பா ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர், ஒயரின் முனையில் காதில் பொருத்தும் பொத்தான்.

லைசென்ஸ் விதிப்படி மைக்கில் நான்தான் பேச வேண்டும். எனவே திருச்சி கேட்பதை நான் சுகந்தியின் முகத்துக்கு நேராகத் திரும்பி நிதானமாகச் சொல்வேன். அவள் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு பதில் சொல்வாள்.

"சத்தம் சுத்தமா இல்லையாம்மா, விட்டு விட்டு வருதா?"

"விட்டு விட்டுத்தான் சார். நேரா பாத்தா வருது. தலையை இந்தப் பக்கம் திருப்புனா நின்னுடுது. கரகரன்னு ஒரு சத்தம் வந்துட்டு நிக்குது."

"பேட்டரி?"

"புதுசு. ரெண்டு தடவை மாத்திட்டேன். பேட்டரி முனையெல்லாம் தொடச்சும் பாத்துட்டேன்."

"எப்போலேர்ந்து இப்படி?"

சுகந்தி அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒயரை ஜடைக்குள்ள வெச்சுப் பின்ன ஆரம்பிச்சதுலேர்ந்து சார். இண்டர்வியூல தெரியக்கூடாதுன்னு அப்பா சொன்னாங்க. பழகிக்கட்டும்னு அம்மா தினம் அப்படியே பின்னி விட்டாங்க."

நாகராஜன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இதை நெட்டில் சொன்னதும் திருச்சியிலிருந்து சிரிப்போடு பதில் வந்தது. "அந்தப் பொண்ணு பிரமாதமா சொல்லிட்டா. நான் கண்டுபிடிக்க இனிமே என்ன இருக்கு? ஒயர்தான். பின்கழுத்துல மடியற இடத்தைப் பாருங்க."

அழுத்திப் பார்த்தேன். அதே இடம். மேலுறை நன்றாக இருந்தது. உள்ளே நூலிழை போன்ற கம்பி அறுந்திருந்தது. புது ஒயரைத் தபாலில் அனுப்புவதாகத் திருச்சி சொன்னது. ஆனால் வியாழனுக்குள் வந்து சேருமா? முதல் நாள் டிரான்ஸ்ஃபார்மரைத் தொடச் சொன்ன அதே மதுரைக்காரர்தான் வழி சொன்னார். அறுந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, கம்பியோடு மெல்லிய செம்பு இழையைச் சுற்றி, அதன் மேல் ஈயம் வைக்க வேண்டும். விஷயம் இன்னதென்று தெரிந்ததும் மனிதர் எவ்வளவு அழகாகச் சொல்கிறார்!

அப்படியே பற்றவைத்தேன். சுகந்தி மாட்டிக்கொண்டாள். இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள். தெருவில் மீன்காரம்மா பக்கத்துக் கடலோர ஊரான கருக்களாச்சேரி மீனைக் கூவிக்கொண்டு போனாள்.

"மத்தி விக்கிறாங்க" என்றாள் சுகந்தி.

என் மனைவி கைதட்டிவிட்டாள்.

ஒரு சிக்கல். வெட்டியதில் ஒயர் குட்டையாகிவிட்டது. பின்கழுத்தைச் சுற்றி ஜடைக்குள் போக எட்டவில்லை. நெஞ்சுக்கு மேலே நேராக, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படிதான் போயாக வேண்டும்.

"வெளியில தெரியுதேம்மா..." என்றார் நாகராஜன்.

"தெரியட்டும்பா. மறைக்கப் போயிதான் அறுந்துச்சு."

அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒயரில் சிக்கியிருந்த முடியை மெதுவாக விலக்கிவிட்டார்.

வியாழக்கிழமை இண்டர்வியூவில் உட்கார்ந்ததுமே அவள் சொன்னாளாம்: "சார், எனக்குக் காது மெஷின். முகத்தைப் பாத்துப் பேசுனீங்கன்னா எல்லாம் கேக்கும்." மூன்று பேரில் இரண்டு பேர் நாற்காலியை நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்களாம். ஒருவர் மட்டும் கடைசிவரை ஃபைலைப் பார்த்தே பேசினாராம். எல்லா இடத்திலும் ஒருவர் அப்படி இருப்பார்.

வேலை கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? கிடைத்தது. மூன்று மாதத் தற்காலிக வேலைதான். அதற்கு மேல் நீட்டிப்பார்களா என்று தெரியாது. நாகராஜன் லாட்ஜ் கவுண்டரில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் பொண்ணு காது மெஷின் போட்டுக்கிட்டு வேலைக்குப் போவுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

நெட்டில் தினமும் யாராவது அரைகுறையாக ஒரு கேள்வி கேட்கத்தான் செய்கிறார்கள். 'வேலை செய்யல, என்ன பண்ணலாம்?' — அவ்வளவுதான் கேள்வி. மாடல் சொல்வதில்லை, என்ன செய்து பார்த்தார்கள் என்று சொல்வதில்லை. விவரம் தெரியாத ஆள் என்று நாமும் சுலபமாக முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் சிலருக்கு விவரம் தொண்டைவரை வந்து நின்றுவிடுகிறது. பயம், கூச்சம், நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற கவலை... இதெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கும்போது மாடல் நம்பர் எங்கிருந்து வெளியே வரும்?

வேலை செய்யாத ஒவ்வொரு மெஷினுக்கும் பின்னால் ஒரு ஆள் நிற்கிறார் — முதலில் அவரை விசாரியுங்கள், ஃபியூஸ் எங்கேயும் ஓடிப்போகாது!