அப்பளமான டயப்பர் துணி

வில்லியனூர் பக்கம் ஓர் ஆலையில் நான் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தேன். இரண்டு வகை பிளாஸ்டிக்கைச் சேர்த்து ஒரே இழையாக இழுப்போம். உள்ளே இருப்பது சூட்டைத் தாங்கும். மேலுறை சீக்கிரம் இளகி, பக்கத்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். ஓவனில் சூடு அளவாக இருந்தால் குழந்தைகளின் டயப்பருக்கு ஏற்ற மெத்தென்ற துணி கிடைக்கும். இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன், யாரும் கேட்காவிட்டாலும்.

ஒரு நாள் ஓவன் ஆபரேட்டர், குருவிநத்தத்துக்காரர், "சூடு ஜாஸ்தி சார், அப்பளமாயிடும்" என்றார். "பாலிமர் படிச்சது நானா, நீயா?" என்று கேட்டு, இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். துணி விறைத்து, அப்பளமேதான் வந்தது. மேனேஜர் விசாரித்தபோது, ஆபரேட்டர்தான் சூட்டைத் திருகி ஏற்றிவிட்டார் என்று சொன்னேன். அவருக்கு வேலை போயிற்று.

ஓய்வு பெற்று, முழங்காலும் தேய்ந்த பிறகு, போன மாதம் அவர் வீட்டைத் தேடிப்போய் உண்மையைச் சொன்னேன். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்றுகூட பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"எனக்குத் தெரியும் சார், பக்கத்துலதான நின்னேன்" என்றவர், உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "தெரியாதது இவளுக்குத்தான். இவகிட்ட சொல்லுங்க."

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"இத்தினி வருஷமா, வேலையத் தொலைச்சவன்னு இந்த மனுஷன திட்டிக்கினு இருந்தேனே, அதுக்கு இன்னா சார் பண்றது?"

இந்தக் கேள்வி என் ஒத்திகையில் இல்லை. "என்னைத் திட்டுங்கம்மா" என்றேன்.

அந்த அம்மா தயங்கவில்லை, ஆரம்பித்தார். ஆபரேட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.