நவம்பர் மாசத்துக் கோடு

பைதான் நிரல்மொழியில் கிராஃப் போடுவது பத்து நிமிஷ வேலை. அதை நாலு பேர் பார்க்கிற மாதிரி ஆக்குவதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். ஒரு எழுத்தை நகர்த்த ஒரு பகல் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட சக பாவிகளே, இது உங்களுக்குத்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செருப்புக்கடை மாடியில் நானும் என் கூட்டாளி குமாரும் இந்தப் பிழைப்புதான் நடத்துகிறோம்.

போன வருஷக் கடைசியில் கல்வராயன் மலையிலிருந்து செல்வியக்கா வந்தார். மலை ஊர்களுக்கு நர்ஸ். கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று, கீழ் ஊர்களுக்கும் மலை ஊர்களுக்கும் மாசாமாசம் சேகரித்து போனில் வைத்திருந்தார். மலை மேலேயே ஒரு வண்டி நிற்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அதிகாரிகள் கூட்டத்தில் ஒரே ஒரு படம் காட்ட அனுமதி கிடைத்திருந்தது.

மாசம் எங்கே?

மாசப் பேரெல்லாம் தமிழில் வேண்டும் என்றார். அதற்கென்ன என்று ஜம்பமாக ஓட்டிக் காட்டினேன். பேர் வரவேண்டிய இடத்திலெல்லாம் வெறும் கட்டம். தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். எழுத்து வந்தது, ஆனால் செப்டம்பரின் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நின்றது. போதும்டா சாமி என்று பேர்களைத் தனிப் படமாக எடுத்துக் கீழே ஒட்டினேன். ஆனால் முதலில் வந்த அந்தக் கட்டங்களைப் பார்த்து அக்கா சொன்னதை இன்றும் மறக்கவில்லை: "இன்னா தம்பி இது, மாத்திரை அட்டை மாதிரி இருக்குது?"

பெட்டி உட்கார்ந்த இடம்

எந்தக் கோடு மலை, எந்தக் கோடு கீழ் ஊர் என்று சொல்லும் சின்னப் பெட்டியை எப்போதும் வலது மேல் மூலையில்தான் வைப்பேன். பழைய நிரலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுகிற வரி அது. மலையில் அக்டோபரிலேயே அடைமழை பிடித்துவிடும். வண்டி வர ஜாஸ்தி நேரம் எடுத்ததும் அப்போதுதான். அந்த உச்சியின் மேலேயே பெட்டி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நான் கலரை மாற்றி மாற்றி அழகு பார்த்துக்கொண்டிருக்க, குமார் எட்டிப் பார்த்தான்: "மச்சான், அந்தக்கா கேஸு மேலயே குந்திக்கினு இருக்குது பாரு உன் பெட்டி."

சைபர்

பெட்டியை நகர்த்தினால் அடுத்த வில்லங்கம். அக்டோபரில் உச்சியில் இருந்த மலைக்கோடு நவம்பரில் தொபுக்கென்று தரையில் விழுந்தது. காலி இடத்தைக் கண்டால் சைபர் போட்டு நிரப்புவது குமாரின் கைப்பழக்கம். அதாவது அடைமழையில், கூப்பிட்ட நொடியே வண்டி வாசலில் நிற்கிறதாம்! அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, நவம்பர் ஏன் காலி என்று அக்காவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் அக்கா சொன்னதைக் கேட்டதும் குமாரே அந்தச் சைபரை எடுத்துவிட்டான்: "அந்த மாசம் ரோடு அடிச்சிக்கினு போச்சு தம்பி, வண்டியே வரல. பிரசவ வலில இருந்த பொண்ண தூளி கட்டித் தூக்கிக்கினு எறங்கனோம். பொண்ணு பொழச்சிச்சு, கொழந்த பொழைக்கல."

கூட்டம்

கூட்டத்துக்கு எல்லோருடைய படங்களையும் தொகுத்தவர், கோடு நடுவில் விட்டுப்போய் அசிங்கமாக இருக்கிறது, சேர்த்துவிடுங்கள் என்றார். ஒரே வரியில் முடிகிற வேலைதான், எனக்கும் கை அரித்தது. அக்கா ஒரேயடியாக வேண்டாம் என்றுவிட்டார். எனக்கோ பயம். அதிகாரி அதையே சாக்காக வைத்துப் படத்தைத் தள்ளிவிட்டால்?

பயந்த மாதிரியே ஆனது. அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "என்னம்மா, நடுவுல கோட்டக் காணோம்? படம் தப்பா வந்துடுச்சா?" என்றார். லேப்டாப்போடு ஓரமாக நின்ற எனக்கு வியர்த்துவிட்டது. அக்கா அசரவில்லை: "படம் சரிதாங்க சார். அந்த மாசம் ரோடு இல்ல, வண்டி இல்ல, ஒரு கொழந்தையும் இல்ல."

இந்த மழைக்கு மலை மேலேயே ஒரு வண்டி நிற்கிறது. நான் மாய்ந்து மாய்ந்து போட்ட கலரையும் எழுத்தையும் ஒரு ஆள் சீண்டவில்லை, போடாமல் விட்ட இடத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.