நடக்கக் கிளம்பிய மாமா

இன்று காலை குத்தாலம் போகும் வழியில் ஆரோக்கியசாமி மாமா தனியாக நடந்துகொண்டிருந்தார். போன மாதம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். பைக்கை நிறுத்தினேன்.

"ஏறுங்க மாமா."

"இல்லப்பா, டாக்டர் நடக்கச் சொல்லிருக்காரு."

"இந்த வெயில்லயா? ஏறுங்க, நான் விட்டுடுறேன்."

தயங்கித் தயங்கி ஏறிக்கொண்டார்.

நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்த பிறகு அவர் வயலில் இறங்குவதே இல்லை. சோறு மட்டும் அன்று சேற்றில் உழைத்தபோது சாப்பிட்ட அதே அளவு.

"அதயாவது கொறைக்கலாமே மாமா?"

"கொறைச்சா, சமையல் பிடிக்கலையான்னு ஒங்க அத்தை மூஞ்சத் தூக்கி வச்சிக்கிறா."

கடைத்தெருவில் இறங்கியதும் சொன்னார்: "தெனம் இப்படித்தான். நடக்கக் கெளம்புனா யாராச்சும் வண்டிய நிறுத்திடுறீங்க. ஏறலன்னா கோவிச்சுக்கிறீங்க. துபாய்லேர்ந்து மவன் போன் பண்ணி, நடந்தீங்களாப்பான்னு கேக்குறான். நடந்தேன்னு சொல்லி வைக்கிறேன்."

வண்டியைக் கிளப்பினேன். திரும்பிப் பார்த்தபோது, வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தவரை இன்னொரு பைக் மறித்து நின்றிருந்தது. ஏறிக்கொண்டிருந்தார்.

நாளைக்கு அவர் நடந்து போவதைப் பார்த்தால் உங்களில் யார் நிறுத்தாமல் போவீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். நான் நிறுத்திவிடுவேன்.